டேபிளில் இருக்கிறார், கையெழுத்துப் போடுங்கள்

மருத்துவ ஆராய்ச்சியில் இரண்டு வகை உண்டு. பில்லில் ஒரு வரியைக் கூட்டுவது ஒன்று. பில்லிலிருந்து ஒரு வரியை அடிப்பது இன்னொன்று. முன்னதுக்கு ராஜமரியாதை. விமானத்தில் வந்து இறங்கும். நட்சத்திர ஓட்டலில் கருத்தரங்கு, இரவு விருந்து, அகலத் திரையில் வண்ணப்படம். மறுவாரமே மருத்துவமனை வாசலில் ‘தென்தமிழகத்திலேயே முதன்முறையாக’ என்று ஃபிளெக்ஸ். பின்னது நடந்து வரும். செருப்புத் தேய வந்து சேர்ந்தாலும் செக்யூரிட்டி உள்ளே விடமாட்டார். “யாரப் பாக்கணும்? கேஷா, இன்சூரன்ஸா?” அதனிடம் இரண்டும் இருக்காது. ஓரமாக நிற்கச் சொல்வார்கள். நிற்கும்.

2007 மார்ச்சிலிருந்து அப்படி ஓரமாக நின்றுகொண்டிருக்கிறது ஒன்று. பெயர் ‘கரேஜ்’. அமெரிக்காவிலும் கனடாவிலும் 2,287 இதய நோயாளிகளை வைத்து நடத்திய ஆய்வு. எல்லோருக்கும் இதய ரத்தக் குழாயில் நல்ல அடைப்பு. ஆனால் மாரடைப்பு வந்து தூக்கிக்கொண்டு வரப்பட்டவர்கள் அல்லர். மாடி ஏறினால் நெஞ்சு இறுக்கும், நின்று மூச்சு வாங்கினால் சரியாகும் என்ற ரகம்தான் பெரும்பாலும். ஒரு பாதிக்கு மருந்துகளோடு ஸ்டென்ட், அதாவது அடைத்த குழாயைத் திறந்து வைக்கும் கம்பிச் சுருள். மறு பாதிக்கு மருந்துகள் மட்டும். நாலரை ஆண்டுகள் பின்தொடர்ந்து எண்ணிப் பார்த்தார்கள். இறந்தவர்களும் மாரடைப்பு வந்தவர்களும் சேர்ந்து ஸ்டென்ட் பக்கம் 19 சதவீதம். மருந்துப் பக்கம் 18.5 சதவீதம். அதாவது ஸ்டென்ட் வைத்தவர்கள் ஆயுள் விஷயத்தில் வாங்கிய லாபம் ஒன்றுமில்லை.

புதிய மருத்துவ அறிவு ஒன்று நடைமுறைக்கு வந்து சேரச் சராசரியாக 17 ஆண்டுகள் ஆகும் என்று மருத்துவ உலகில் அடிக்கடி எடுத்துக்காட்டும் கணக்கு ஒன்று உண்டு. அப்படிப் பார்த்தாலும் ‘கரேஜ்’ 2024-இல் உள்ளே வந்திருக்க வேண்டும். இதற்கிடையில் அதைத் தாண்டிக்கொண்டு லிஃப்டில் ஏறிப் போனவர்களைப் பாருங்கள். உடம்புக்குள்ளேயே கரைந்துவிடும் ஸ்டென்ட் என்று ஒன்று வந்தது. அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது 2016-இல். இந்தியச் சந்தைக்கு அது அதற்குச் சில ஆண்டுகள் முன்பே வந்துவிட்டது. சாதாரண ஸ்டென்ட்டைவிட அதில் ரத்தம் கட்டுவது அதிகம் என்று ஆய்வுகள் காட்ட, 2017-இல் தயாரித்த நிறுவனமே விற்பனையை நிறுத்தியது. நம்மவர் உடம்பில் கரைந்ததோ இல்லையோ, சந்தையில் கரைந்துவிட்டது. அதனிடம் ‘ஆதாரம் போதுமா?’ என்று எந்த செக்யூரிட்டியும் கேட்கவில்லை.

இங்கே ஒரு விஷயத்தைக் கோடு போட்டுப் பிரித்துவிட வேண்டும். இல்லையென்றால் இதைப் படித்துவிட்டு யாராவது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வீட்டில் படுத்துவிடுவார்கள். மாரடைப்பு வந்துகொண்டிருக்கும்போது, குழாய் ரத்தக்கட்டியால் முழுக்க மூடிக்கொண்ட அந்த மணி நேரத்தில், ஸ்டென்ட் உயிர் காக்கும். தமிழ்நாட்டிலேயே அதற்குச் சான்று உண்டு. சிறிய மருத்துவமனைகளைப் பெரிய இதய மையங்களோடு இணைத்து நடத்திய ‘தமிழ்நாடு ஸ்டெமி’ திட்டத்தின் முடிவு 2017-இல் வெளிவந்தது. 2,420 நோயாளிகள். ஓராண்டுக்குள் இறப்பவர்கள் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆகக் குறைந்தார்கள். அதற்காக ஆம்புலன்ஸ் விரட்டி, நடு ராத்திரியில் எழுந்து வந்து வேலை பார்த்தவர்களுக்குக் கை கூப்பலாம். அவர்களோடு நமக்குச் சண்டை இல்லை. சண்டை, பட்டப்பகலில் நிம்மதியாக நடந்து வருகிற மனிதரைப் படுக்கவைத்து அதே கம்பியைச் செருகுகிறவர்களோடு.

நடந்து வருகிற மனிதரிடம் இவர்கள் சொல்வது குழாய்க் கதை. மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் இரண்டு கோடு போடுவார்கள். நடுவில் கருப்பாக ஒரு திட்டு. “இங்க அடைச்சிருக்கு. ரத்தம் போகல. இங்க ஒரு ஸ்பிரிங் வெச்சா ஃப்ளோ வந்துடும்.” வீட்டில் கழிவுநீர்க் குழாய் அடைத்துத் திண்டாடிய யாருக்கும் இது உடனே புரியும். கோளாறு என்னவென்றால், மாரடைப்பு பெரும்பாலும் அந்தக் கருப்புத் திட்டிலிருந்து வருவதில்லை. பாதிகூட அடைக்காத, ஆஞ்சியோ படத்தில் கண்ணில் பெரிதாகப் படாத மெத்தென்ற கொழுப்புப் படிவு ஒன்று எங்கோ வெடிக்கிறது. அதன் மேல் ரத்தம் உறைகிறது. ஸ்டென்ட் வைத்த இரண்டு சென்டிமீட்டர் பத்திரம். மீதிக் குழாய் முழுவதையும் காப்பது கொலஸ்ட்ரால் மாத்திரையும் ரத்த அழுத்த மாத்திரையும் பீடியை விட்ட கையும்தான். ஆனால் அதைப் படம் போட்டுக் காட்ட முடியாது. படம் போட முடியாததற்குப் பணம் வாங்கவும் முடியாது.

லண்டனில் ஒரு குழு குறும்பாக ஒரு காரியம் செய்தது. 2017-இல் வெளிவந்த ‘ஆர்பிட்டா’ ஆய்வு. தலைமை தாங்கியவர் ரஷா அல்-லமீ என்ற பெண் மருத்துவர். ஒரே ஒரு குழாயில் கடும் அடைப்புள்ள 200 பேர். எல்லோரையும் ஸ்டென்ட் வைக்கும் அறையான கேத் லேபுக்குக் கொண்டுபோய், காதில் ஹெட்ஃபோன் மாட்டிப் பாட்டுப் போட்டு, மயக்க மருந்து கொடுத்தார்கள். பாதிப் பேருக்கு ஸ்டென்ட் வைத்தார்கள். மீதிப் பேருக்கு ஒன்றும் வைக்கவில்லை. கொஞ்ச நேரம் டேபிளில் கிடத்தி வைத்துவிட்டு வெளியே அனுப்பினார்கள். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, பின்னால் பரிசோதித்தவருக்கும் தெரியாது. ஆறு வாரம் கழித்து டிரெட்மில்லில் ஓடவிட்டார்கள். ஸ்டென்ட் வைத்தவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதலாக ஓடிய நேரம் சராசரியாக 16.6 விநாடி. புள்ளியியல்படி அது ஒரு வித்தியாசமே அல்ல.

அந்த ஆய்வில் எனக்கு வயிற்றெரிச்சலைக் கிளப்பிய செய்தி வேறு. கேத் லேபுக்குப் போவதற்கு முந்தைய ஆறு வாரம், எல்லா நோயாளிகளையும் இதய மருத்துவர் வாரத்துக்கு ஒன்று முதல் மூன்று தடவை தொலைபேசியில் அழைத்து, வலி எப்படி இருக்கிறது என்று கேட்டு, மாத்திரையைக் கூட்டிக் குறைத்திருக்கிறார். டாக்டர் நோயாளிக்கு போன் பண்ணியிருக்கிறார்! நம் ஊரில் மருத்துவமனையிலிருந்து போன் வந்தால் ஒன்று ‘ஃபீட்பேக்’, இல்லையென்றால் ‘சார், உங்களுக்கு ஹெல்த் செக்கப்பில் முப்பது பர்சன்ட் ஆஃபர்’.

அடுத்து வந்தது ‘இஸ்கீமியா’. 37 நாடுகள், 320 மருத்துவமனைகள், 5,179 நோயாளிகள். இந்தியாவும் அந்த 37-இல் ஒன்று. அமெரிக்க அரசுப் பணம் சுமார் பத்துக் கோடி டாலர் செலவானது. 2019 நவம்பரில் முடிவைச் சொன்னார்கள். 2020-இல் அச்சில் வந்தது. ஆஞ்சியோ, ஸ்டென்ட், பைபாஸ் என்று இறங்கியவர்கள் பக்கம் மரணங்கள் 145. மருந்தோடு காத்திருந்தவர்கள் பக்கம் 144. பத்துக் கோடி டாலருக்கு ஒரு சாவு வித்தியாசம், அதுவும் தப்பான பக்கத்தில். காத்திருந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பேருக்கு ஆய்வு முடியும்வரை ஸ்டென்ட்டோ பைபாஸோ தேவைப்படவும் இல்லை.

எதிர்க்கட்சியின் வாதத்தையும் மறைக்கக் கூடாது. அடிக்கடி நெஞ்சுவலி வருகிறவர்களுக்கு ஸ்டென்ட்டால் வலி குறைகிறது என்பதை ‘இஸ்கீமியா’வும் சொன்னது. 2023-இல் அதே லண்டன் குழு ‘ஆர்பிட்டா-2’ நடத்தியது. வலி மருந்துகளை நிறுத்திவிட்டு, 301 பேரிடம், மறுபடி பொய்ச் சிகிச்சையோடு ஒப்பிட்டுப் பார்த்தால் ஸ்டென்ட் வலியைக் குறைத்தது நிஜம். அப்போதும் பாதிக்கு மேற்பட்டோருக்கு வலி முழுதாகப் போகவில்லை. ஆக, மாரடைப்பு இல்லாத நிலையில் இந்தக் கம்பி பெரும்பாலோருக்கு வலி குறைக்கும் ஒரு வழி. இடதுபக்கத் தாய்க்குழாய் அடைப்பு, பலவீனமான இதயம் போன்ற நிலைமைகள் வேறு. அவை இந்த ஆய்வுகளுக்கு வெளியே. மற்றவர்கள் மாத்திரை பார்த்து, போதவில்லை என்றால், தெரிந்தே வைத்துக்கொள்ளலாம். அதில் தப்பே இல்லை. ஆனால் கடையில் எழுதி வைத்திருக்கும் பெயர் அதுவா? வலி நிவாரணம் என்று சொல்லி இதை ஒருவரிடம் விற்றுப் பாருங்கள். வீட்டுப் பத்திரத்தை யாரும் எடுத்துக்கொண்டு வர மாட்டார்கள். அதனால் உயிரை விற்கிறார்கள். நோயாளியின் உயிரையே நோயாளிக்கு.

எப்படி விற்கிறார்கள் என்பது தனிக் கலை. வயது 58 என்று வைத்துக்கொள்ளுங்கள். நேற்றுகூடச் சந்தைக்குப் போய்ப் பை நிறையக் காய் தூக்கி வந்தவர். தந்தையர் தினச் சலுகையில் மகள் அன்பாக மாஸ்டர் செக்கப்புக்கு அழைத்து வருகிறாள். டிரெட்மில்லில் ஒரு கோடு லேசாகக் கீழே இறங்குகிறது. “ஒண்ணும் பயப்படாதீங்கம்மா. ஆஞ்சியோ மட்டும் பாத்துடலாம். டெஸ்டுதான். மணிக்கட்டு வழியா. சாயந்திரமே வீட்டுக்குப் போயிடலாம்.” சரி என்கிறார்கள். இருபது நிமிடத்தில் கண்ணாடிக் கதவு திறக்கிறது.

“பேஷன்ட்டோட அட்டெண்டர் யாரும்மா? உள்ள வாங்க.”

உள்ளே திரை. கறுப்பு வெள்ளையில் துடிக்கும் ஒரு மரக்கிளை. “இது எல்.ஏ.டி. இதுக்கு எங்க பாஷையில விடோ மேக்கர்னு பேரு.” ‘விதவையாக்கி’ என்ற அர்த்தம் பக்கத்தில் நிற்கும் அம்மாவுக்குப் புரியாமல் இருக்க வேண்டும் என்று மகள் வேண்டிக்கொள்கிறாள். “எய்ட்டி பர்சன்ட் பிளாக். அப்பா டேபிள்லதான் இருக்காரு. ஒயரும் உள்ளதான் இருக்கு. இப்பவே வெச்சிட்டா ஒரே செலவாப் போயிடும். வெளிய எடுத்துட்டா மறுபடி எல்லாம் முதல்லேர்ந்து.”

“மாத்திரையில பாக்க முடியாதா டாக்டர்?”

“உங்க இஷ்டம்மா. நான் கம்பெல் பண்ணல. ராத்திரி ஏதாவது ஆச்சுன்னா நான் பொறுப்பில்ல, அவ்ளோதான். எங்க அப்பாவா இருந்தா நான் யோசிக்கவே மாட்டேன்.”

5,179 பேர், 37 நாடு, பத்துக் கோடி டாலர் எல்லாம் இந்த நாலு வாக்கியத்துக்கு முன்னால் தூசு. பென்சிலில் பெருக்கல் குறி போட்ட இடங்களில் எல்லாம் மகள் கையெழுத்துப் போடுகிறாள். படிவம் ஆங்கிலத்தில். மயக்க மருந்து ஒவ்வாமை முதல் கட்டணம் வசூல் வரை சகலமும் இருக்கும், ‘அவசரம் ஒன்றும் இல்லை, மருந்து எடுத்துக்கொண்டாலும் இதே ஆயுள்தான் என்று ஆய்வுகள் சொல்கின்றன’ என்ற வரி மட்டும் இருக்காது. அப்பா அரை மயக்கத்தில் கிடக்கிறார். அவருடைய இதயம், அவரிடம் யாரும் கேட்கவில்லை. இதற்குப் பெயர் சம்மதம்! கத்தியைக் கழுத்தில் வைத்துக் கேட்டால் இந்த நாட்டில் வழிப்பறி வழக்கு. கம்பியை நெஞ்சில் வைத்துக் கேட்டால் கேஷ்லெஸ் அப்ரூவல்.

வீட்டுக்கு வந்த அப்பா என்ன செய்வார்? ‘அதான் ஸ்பிரிங் வெச்சாச்சே’ என்று மூன்றாவது மாதம் மாத்திரையை நிறுத்துவார். ரத்தம் உறையாமல் இருக்கத் தருகிற மாத்திரைகளைக் கண்டபடி நிறுத்தினால் ஸ்டென்ட்டுக்குள்ளேயே ரத்தம் கட்டி மாரடைப்பு வரலாம். இல்லாத ஆபத்துக்கு வைத்த கம்பி புதிய ஆபத்தாகிறது. அப்போது அதே மருத்துவமனை நிஜமாகவே உயிரைக் காப்பாற்றும். வாசலில் மகள் காலில் விழுவாள்.

பணக் கணக்குக்கு வருவோம். 2017-க்கு முன்பு மருந்து பூசிய ஸ்டென்ட் ஒன்று லட்ச ரூபாய்க்கு மேல் சாதாரணமாக விற்றது. பெட்டியில் விலைகூட இல்லையே என்று பீரேந்தர் சாங்வான் என்ற வழக்கறிஞர் தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார். தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் கணக்கைத் தோண்டியபோது, கொழுத்த லாபம் தயாரிப்பாளரிடம்கூட இல்லை, மருத்துவமனையிடம் என்று தெரிந்தது. 654 சதவீதம் வரை. 2017 பிப்ரவரியில் உச்சவரம்பு வந்தது: மருந்து பூசியது 29,600 ரூபாய், சாதாரணம் 7,260 ரூபாய். கந்துவட்டிக்காரர்கள் இந்தச் சதவீதக் கணக்கைப் பார்த்துத் தாங்கள் சமூகசேவை செய்துவந்ததாக உணர்ந்திருப்பார்கள். உச்சவரம்பு நல்ல காரியம்தான். ஆனால் அது ஸ்டென்ட்டின் விலைக்குத்தான் வரம்பு. ஸ்டென்ட்டின் எண்ணிக்கைக்கு இல்லை. பலூன், ஒயர், கேத் லேப் கட்டணம், ‘இதர செலவுகள்’ என்ற புனிதமான நாலாவது வரி, எல்லாம் சுதந்திரப் பறவைகள்.

இது நம் ஊர் நோய் மட்டும் என்று நினைத்துக் கூனிக் குறுக வேண்டாம். அமெரிக்காவில் மேரிலாந்தில் ஒரு மருத்துவர் 2008-இல் ஒரே நாளில் 30 ஸ்டென்ட் வைத்தார். சில நாள் கழித்து, ஸ்டென்ட் விற்ற அபாட் நிறுவனத்தின் பிரதிநிதி 2,159 டாலர் செலவில் அவர் வீட்டில் விருந்து வைத்தார்: புகையில் மெதுவாக வாட்டிய முழுப் பன்றி, பீச் பழ இனிப்பு சகிதம். இது ஏதோ பொறாமைக்காரர் கிளப்பிய வதந்தி அல்ல. அமெரிக்க செனட் குழுவின் 2010 அறிக்கையில் ரசீதோடு வந்த சேதி. உங்களுக்கு வைத்த ஸ்டென்ட் தேவையில்லாததாக இருந்திருக்கலாம் என்று அந்த மருத்துவமனை 585 நோயாளிகளுக்குக் கடிதம் போட்டது. மருத்துவரின் உரிமம் 2011-இல் பறிபோனது. அங்கே குறைந்தபட்சம் கடிதம் வந்தது. பன்றிக்கும் ரசீது இருந்தது. இங்கே எல்லாம் கைமேல்.

ஏழைகளுக்குக் கடிதமும் வராது, பேருந்து வரும். 2024 நவம்பரில் குஜராத்தின் மெஹ்சானா மாவட்டத்துப் போரிசணா கிராமத்தில் இலவச மருத்துவ முகாம். 19 பேரைத் தேர்ந்தெடுத்து ஆமதாபாத்தில் ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். ஏழு பேருக்கு ஸ்டென்ட். இரண்டு பேர் பிணமாகத் திரும்பினார்கள். கட்டணம், பிரதமரின் காப்பீட்டு அட்டையிலிருந்து. வழக்கு, கைது, விசாரணை எல்லாம் நடந்தது. அட்டை வைத்திருக்கும் ஏழையின் உடம்பு சிலருக்கு ஏடிஎம். ரகசிய எண்கூட வேண்டாம், கட்டைவிரல் ரேகை போதும்.

இளம் இதய மருத்துவர்களில் பலர் இதை எல்லாம் நம்மைவிட நன்றாகப் படித்தவர்கள். தேர்வில் ‘இஸ்கீமியா’வைப் பற்றிக் கேட்டால் பிசகாமல் எழுதுவார்கள். மாதக் கடைசியில் நிர்வாக மாடியில் நடக்கும் கூட்டத்தில் கேட்கப்படும் கேள்வி வேறு: ‘டாக்டர், போன மாசத்தைவிட உங்க ப்ரொசீஜர் குறைஞ்சிருக்கே, ஏதாவது பிராப்ளமா?’ கோடிகளில் கடன் வாங்கிய கேத் லேப் இயந்திரத்துக்கு வட்டி ஓடுகிறது. அந்த வட்டி யாருடைய நெஞ்சிலிருந்தாவது வர வேண்டும். மாத்திரை எழுதித் திருப்பி அனுப்பும் நேர்மையான மருத்துவருக்கு நாமும் நல்ல பேர் கொடுப்பதில்லை. “பெரிய டாக்டர்னு போனோம், ஒண்ணுமே பண்ணல, நாலு மாத்திரை எழுதிட்டாரு.” அடுத்த தெருவில் ஒருவர் ஏதாவது பண்ணுவார்.

அந்த நாலு மாத்திரையின் கதி என்ன தெரியுமா? தமிழ்நாடு அரசு 2020-இல் எடுத்த கணக்கெடுப்பில், உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களில் அது கட்டுக்குள் இருந்தவர்கள் 7.3 சதவீதம். சர்க்கரை கட்டுக்குள் இருந்தவர்கள் 10.8 சதவீதம். இந்த நோயாளிகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் மாரடைப்பை நோக்கிச் சாவகாசமாக நடந்து போய்க்கொண்டிருக்கிறார்கள். 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இந்த மாத்திரைகளை வீடு வீடாகக் கொண்டு கொடுக்கும் பெண்கள், கேத் லேபில் ஒயர் பிடிக்கிறவர்களைவிட அதிக மாரடைப்புகளைத் தடுக்க முடியும். ஆனால் அவர்களுக்கு ஃபிளெக்ஸ் கிடையாது, யாரும் பன்றி வாட்டிப் போடவும் மாட்டார்கள்.

சும்மா திட்டிக்கொண்டிருந்தால் போதாது என்பதால், அரசுக்கும் காப்பீட்டு நிறுவனங்களுக்கும் ஒரு யோசனை. ஸ்டென்ட் வைப்பதற்குப் பேக்கேஜ் கோடு இருப்பதுபோல, வைக்காமல் விடுவதற்கும் ஒன்று கொண்டுவாருங்கள். ‘ஸ்டென்ட் தவிர்ப்புச் சிகிச்சை – ஒற்றைக் குழாய்’, ‘இரட்டைக் குழாய்’ என்று தரம் பிரித்துக்கொள்ளலாம். அதே தொகை, அதே கேஷ்லெஸ். நோயாளியை ஒரு நாள் தனியறையில் படுக்கவைத்து, காதில் ஹெட்ஃபோன் மாட்டி, இளையராஜா பாட்டுப் போட்டு, மாலையில் இட்லி கொடுத்து அனுப்பலாம். திரையில் துடிக்கும் மரக்கிளையை அட்டெண்டரிடம் காட்டி, ‘எங்க அப்பாவா இருந்தா வைக்கவே மாட்டேன்’ என்று உருகலாம். வட்டியும் கட்டலாம், டார்கெட்டும் அடிக்கலாம். ‘தென்தமிழகத்திலேயே முதன்முறையாக ஆயிரம் ஸ்டென்ட் தவிர்ப்பு’ என்று ஃபிளெக்ஸும் வைத்துக்கொள்ளட்டும். நோயாளியை அனுப்பி வைத்த உள்ளூர் டாக்டருக்கு வழக்கமான கமிஷனை மட்டும் தவறாமல் கொடுத்துவிட வேண்டும். அதில் கை வைத்தால் திட்டம் ஒரு நாள்கூட ஓடாது.